ஒரு கைத் தண்ணீர்

நிலக்கடலைப் பாலிலும் தயிர் தோயும். பலருக்கு இது தெரியாது. கடலையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து, கை பொறுக்கும் சூட்டில் இறக்கி, உறைமோருக்குப் பதிலாகப் பச்சை மிளகாய்க் காம்பு கொஞ்சம் கிள்ளிப் போட்டு மூடிவைத்தால் காலையில் கட்டித் தயிர். லேசாகக் கடலை வாடை அடிக்கும். தாளித்துக் கொட்டினால் அதுவும் போய்விடும். என் மனைவி ஜீவிதாவுக்கு இதைக் கற்றுக்கொடுத்தது நான்தான். நான் அவளைப் பட்டினி போட்டதாக அவள் வீட்டார் மனுக் கொடுத்திருப்பதால் முதலில் இதைச் சொல்கிறேன், மேடம். எங்கள் வீட்டு அடுப்பு ஒருவேளைகூட எரியாமல் இருந்ததில்லை.

கல்யாணமாகிச் சில வருடங்களுக்குள் மனைவி இறந்தால் கோட்டாட்சியர் விசாரிப்பது சட்டம். போன முறை நீங்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். விட்டுப்போனதை இன்று சொல்கிறேன். தட்டச்சு செய்பவருக்கு வசதியாக மெதுவாகவே சொல்கிறேன்.

எனக்கு வலங்கைமான் பக்கம். அப்பா கூலிக்கு நாற்றுப் பறித்தவர். வயல் நண்டும் நத்தையும் தின்று வளர்ந்தவன் நான். வேதியியல் படித்தேன். முதல் வேலை ஒரு தனியார் பால் குளிரூட்டும் நிலையத்தில். பாலின் கொழுப்பைச் சோதிக்க ஊர் ஊராகப் போவேன். ஒரு வீட்டில் கன்று செத்துப்போயிருந்தது. அதன் தோலை உரித்து, வைக்கோல் திணித்துத் தைத்து, குச்சிக் கால்களில் பசுவின் முன்னால் நிறுத்தியிருந்தார்கள். பசு அதை நக்கியது. நக்க நக்கப் பால் சுரந்தது. கறந்துகொண்டிருந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “உசுரோட இருக்குற கன்ன விட இது தேவல சார். நம்ம பால இது குடிக்காது.”

அன்றோடு பாலை விட்டேன். பிறகு முட்டை, மீன், தேன். பிறகு அந்த வேலை. ஒரு பயிற்சி மையத்தில் பாடம் நடத்தப் போனேன். இதை வீகன் என்கிறார்கள். நனிசைவம் என்று தமிழில் எழுதுகிறார்கள். எனக்குப் பெயர் முக்கியமில்லை. ஓர் உயிரை ஏமாற்றி எதையும் வாங்கக்கூடாது என்பதுதான் எனக்குப் பட்டது.

ஜீவிதா திருவாரூரில் கல்லூரியில் எனக்கு அடுத்த வருடம் படித்தவள். வேதாரண்யம் பக்கத்துக் குப்பம். அம்மா காளியம்மாள் மீன் விற்கிறவர். அண்ணன் ஹரிஷ் கடலுக்குப் போகிறவன். விரும்பித்தான் கட்டிக்கொண்டோம். சாப்பாட்டு மாற்றத்தை அவள் முதலில் விளையாட்டாகவே எடுத்துக்கொண்டாள். “மோரு என்னங்க பாவம் பண்ணுச்சு?” என்பாள். மாமியார் இன்னும் ஒருபடி மேலே. “ஐயரு வூட்லயே தயிரு ஊத்திக்கிறாங்க. எங்க மாப்ள அதுக்கும் மேல ஒரு சாதியக் கண்டுபுடிச்சிருக்காரு.” நானும் சிரித்தேன்.

அம்மா வீட்டுக்குப் போய்வந்தபோதெல்லாம் ஜீவிதா மீன் தின்றாள். விரலில் மத்தி வாடை இருக்கும். நான் கத்தவில்லை. அவளை ஒருமுறைகூட அடித்ததில்லை. அதை அவள் வீட்டாரும் ஒப்புக்கொள்வார்கள். அடுத்த தடவை அவளோடு நானும் குப்பத்துக்குப் போனேன். கரையிலுள்ள அம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றச் சொன்னேன். எந்தப் பிராணியிடமிருந்தும் எடுத்த எதையும் இனி உடம்பில் சேர்ப்பதில்லை என்று ஹரிஷ் பேரில் அவளிடம் சத்தியம் வாங்கினேன்.

அந்தச் சத்தியத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். கடலுக்குப் போகிறவன் பேரில் அங்கே ஒரு பெண் சத்தியம் செய்தால் மீறமாட்டாள். மீறினால் படகு திரும்பாது. விடுவிக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. சத்தியம் வாங்கியவர் அவள் உள்ளங்கையில் ஒரு கைத் தண்ணீர் வார்த்து ‘விட்டேன்’ என்று சொல்லவேண்டும். வேறு யார் சொன்னாலும் செல்லாது. காதலித்த நாட்களில் ஜீவிதாவே எனக்குச் சொன்னது இது. எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை. அவளுக்கு இருந்தது. சண்டை போடுவதைவிட இது மென்மையான வழி என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அதன்பிறகு வீட்டில் பிரச்சினை இல்லை. முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள், பேரீச்சை. என்னைக் கேட்டுக் கேட்டுச் சமைத்தாள். கருத்தரித்த பிறகும் அப்படியே. சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை நான் தடுக்கவில்லை. ஆனாலும் அவள் வெளுத்தாள். நாக்கு சிவந்து வழவழவென்று ஆனது. காரம் பட்டால் கண் கலங்கும். பாதம் மரத்துப்போனது. ஒருநாள் வாய்க்கால் கரையில் செருப்பு கழன்றது தெரியாமலே நடந்துகொண்டிருந்தாள். நான்தான் எடுத்துவந்து மாட்டிவிட்டேன். மாட்டிவிட்டதும் அவளுக்குத் தெரியவில்லை.

சுகாதார நிலைய டாக்டர் சோதித்துப் பார்த்து, வைட்டமின் பி12 குறைவு என்று ஊசி எழுதினார். கிராமச் செவிலியர், அம்சம் என்பவர், வீட்டுக்கே வந்தார். “தம்பி, முட்ட வேணாம், பாலு வேணாம், அது ஒங்க கொள்க. இந்த ஊசியையாவது போட்டுருங்க. புள்ள தாங்காது.”

அவர் போனபின் ஜீவிதா என்னைப் பார்த்தாள். “இத மட்டும் போட்டுக்கட்டுமா?”

“மாட்டு ஈரல்ல எடுக்குறது. உன் இஷ்டம்.”

அவள் இஷ்டம் என்றுதான் சொன்னேன். அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அவள் கொஞ்சநேரம் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “அண்ணன் இன்னிக்குத்தான் போட்ல போயிருக்கு” என்றாள். ஊசி போடவில்லை.

அடுத்த வாரம் காளியம்மாள் பால்சுறா மீனைப் புட்டு வைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தார். மகளைப் பார்த்ததும் தூக்குப்பாத்திரத்தை இடுப்பிலிருந்து இறக்க மறந்து நின்றார். ஊட்டப் பார்த்தார். ஜீவிதா வாயை மூடிக்கொண்டாள்.

“சத்தியம் என் தலையில விழட்டும்டி. எனக்கு வயசாச்சு. தின்னு.”

“ஒந்தலையில விழாதும்மா. அண்ணன் தலையில விழும்.”

அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். சொம்பில் தண்ணீரோடு வந்து என்முன் நீட்டினார். ஊரெல்லாம் கூவி விற்கிற குரல், அன்றைக்கு எழும்பவேயில்லை.

“மாப்ள, ஒரு கைத் தண்ணிங்க. விட்டேன்னு ஒரு வார்த்த. பெத்துப் பொழச்சு வரட்டும். அப்பறம் ஒங்க இஷ்டப்படி புல்லையே போடுங்க, நான் கேக்கல.”

ஜீவிதா உள்ளங்கையை ஏற்கெனவே விரித்து வைத்திருந்தாள். தண்ணீருக்காகக் காத்திருப்பதுபோல மடியில் மல்லாந்து கிடந்தது அந்தக் கை. வெள்ளைத்தாள் நிறம்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வகுப்புக்கு நேரமாகியிருந்தது. சொம்பை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது மாமியார் கிளம்பியிருந்தார். ஜீவிதாவின் கை மூடியிருந்தது. அவள் மறுபடி கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்தது. பெண். ஜீவிதாவுக்கு இரத்தம் நிற்கவில்லை. ஏற்றினார்கள், உடம்பு வாங்கவில்லை. அங்கே யார்மேலும் தவறில்லை. வாசலில் அந்த ஆஸ்பத்திரி டாக்டர், “இவ்ளோ நாள் என்ன சார் பண்ணீங்க?” என்று கேட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் பால் தெளிக்கும் சடங்கு. நான் தேங்காய்ப்பால் பிழிந்து கொண்டுபோய்த் தெளித்தேன். ஹரிஷ் என் சட்டையைப் பிடித்தான். அவன் வருத்தம் எனக்குப் புரிந்தது. ஆனால் அவள் எப்படி வாழ்ந்தாளோ அப்படி அனுப்புவதுதானே முறை.

இனி விட்டுப்போனது. ஊசிமருந்து எதிலிருந்து எடுக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது என்று போன முறை உங்களிடம் சொன்னேன். அது பொய். நுண்ணுயிரிகளை வளர்த்து எடுக்கிறார்கள். ஈரலுக்கும் அதற்கும் இப்போது சம்பந்தமில்லை. சத்தியம் அதைத் தடுக்காது. டாக்டர் எழுதிய அன்றே இது எனக்குத் தெரியும். போடாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் படித்திருந்தேன். ஆனால் ஊசி போட்டுப் பிறந்தால் ஊசியால் பிறந்தது என்பார்கள். பாலில்லாமல், மீனில்லாமல், மருந்துமில்லாமல் ஒரு பிள்ளை பிறக்கும் என்று காட்ட எனக்கு ஒரு வாய்ப்பு கிடைத்திருந்தது. பிள்ளை ஆரோக்கியமாகப் பிறந்ததா இல்லையா என்று ஆஸ்பத்திரியில் கேட்டுப் பாருங்கள். ஜீவிதா செத்தது என் பேச்சால்தான். எழுதிக்கொள்ளுங்கள். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

எனக்கு என்ன தண்டனை என்பது பற்றி நான் கேட்கவில்லை. குழந்தை இப்போது காளியம்மாளிடம் இருக்கிறது. அங்கே பால்மாவு கரைத்துக் கொடுக்கிறார்களாம். வாய்திறந்து வேண்டாம் என்று சொல்ல அதற்கு வயதில்லை. அதை உடனே நிறுத்தச் சொல்லி உங்களால் ஓர் உத்தரவு போட முடியுமா என்று கேட்கத்தான், யாரும் கூப்பிடாமல் இன்று நானாகவே வந்தேன்.