பிந்தி விழும் அடி

—ஜபருல்லா அண்ணன விட்டுட்டு வரணும்ங்கற. அதானே மூர்த்தி? அவரு தே தண்ணி வாங்கப் போயிருக்காரு, நேரா சொல்லு லா.

—நான் சொல்லேல்லை, நவமணி. கோலாலம்பூர் கேசட் கம்பனிக்காரன் சொல்றான். நம்மட டேப்பை முழுக்கக் கேட்டான். உன்ட குரல் பிடிச்சிருக்கு, என்ட கித்தார் பிடிச்சிருக்கு. ட்ரம்ஸ் மட்டும் வேண்டாமாம். அதுக்கு மெஷின் வச்சிருக்கிறான்.

—மெஷினா? பட்டனத் தட்டுனா டொக்கு டொக்குனு அடிக்குமே, அதா? நம்ம 'தகரம்' பேண்டுக்கா?

—ஓம். கேசட் வந்தா சிங்கப்பூர் வரைக்கும் போகும். விளங்குதா? எண்பத்தி நாலில தொடங்கினது, இப்ப எண்பத்தெட்டு. இந்த ஜெலுத்தோங் வொர்க்‌ஷாப்பில, எண்ணெய் நாத்தத்துக்குள்ள நிண்டு இன்னும் எவ்வளவு காலம் கத்துறது?

—கத்துறோம்னு நீயே சொல்றியா?

—ஊரே சொல்லுது. புக்கிட் தெங்கா திருவிழாவில ரெண்டாவது பாட்டிலயே கரண்டைப் புடுங்கினாங்களே, மறந்திட்டியா?

—மறக்கல. அப்பவும் அண்ணன் நிறுத்தல. மைக் இல்லாம நான் பாடினேன், அவரு அடிச்சாரு. என்கூட வேலை செய்யிற புள்ளைங்க செருப்பக் கழட்டி வீசிட்டுக் குதிச்சாங்க. அன்னைக்குப் பாடுன ஃபேக்டரி சங்குப் பாட்ட இன்னைக்கும் பஸ்ஸுல பாடுறாளுங்க.

—அந்தப் பாட்டிலதான் அடி பிந்தி விழுது. நீ வரியை முடிச்சிடுவாய், அவர் பிறகு வருவார். கம்பனிக்காரன் அதைக் கேட்டுத்தான் சிரிச்சான்.

—சிரிக்கட்டும் லா. அந்த எடத்துலதான் எனக்கு இருட்டுல ஒரு படி இல்லாம காலு எறங்குன மாதிரி இருக்கும். ஆளுங்க வர்றது அதுக்குத்தான். உன் கித்தாருக்கு இல்ல.

—என்னவும் சொல்லு. எனக்கு இங்க இருக்க ஏலாது. அப்பா தன்ட ஆபீசிலயே கணக்கெழுதுற கிராணி வேலை பார்த்து வச்சிருக்கிறார். ஆபீசுக்குப் போட்டுப் போகச் சப்பாத்துக்கூட வாங்கிட்டார். இந்தக் கேசட் இல்லையெண்டா நான் செத்தன்.

—யாரு சாகப்போறது? இந்தாங்க, தே தண்ணி வாங்கியாந்திருக்கேன், சூடா குடிங்க. மூர்த்தி தம்பி, கேஎல்லுல என்ன சொன்னாங்க? ஏன் ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?

—சொல்லு மூர்த்தி. ஜபர் அண்ணன் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

—அண்ணே... கம்பனி கேசட் போட ஒத்துக்கொண்டிட்டுது. ஆனா ட்ரம்ஸுக்கு ஆள் வேண்டாமாம்.

—அட, அவ்வளவுதானா. போங்க தம்பி. போய் நல்லாப் பண்ணுங்க.

—என்னண்ணே இது! சண்ட போடுங்கண்ணே! உங்க வொர்க்‌ஷாப்பு, உங்க ட்ரம்ஸு. வேலைய நிறுத்தி, ரிப்பேருக்கு வந்த கெரெத்தாவ எல்லாம் வெளிய தள்ளி எங்களுக்கு எடம் குடுத்தவரு நீங்க.

—இந்தப் பக்கமா வந்து பேசு தங்கச்சி. வலது காது போன நோன்புப் பெருநாளுக்கு முன்னாடியே போயிருச்சு. மத்ததும் பாதிதான் கேக்குது. ட்ரம்ஸத் தொடாதேன்னுட்டாரு டாக்டரு.

—பிறகு எப்பிடி எங்களோட அடிக்கிறீங்கள்?

—நவமணி தோளப் பாத்துக்கிட்டுத்தான் தம்பி. வரி முடிஞ்சா தோளு எறங்கும். எறங்குனதும் அடிப்பேன். கண்ணு பாத்து கை போறதுக்குள்ள கொஞ்சம் பிந்திருது. எனக்கும் தெரியும்.

—ஏண்ணே எங்ககிட்ட சொல்லல?

—சொன்னா நிறுத்துன்னு சொல்லுவீங்க. பகல் பூரா அடுத்தவன் கெரெத்தாவுக்கு அடியில படுத்துக் கெடக்கேன். இந்த ட்ரம்ஸு முன்னால உக்காந்தாத்தான் நானும் ஒரு ஆளு. காதுல கேக்காட்டி என்ன, நெஞ்சுல இடிக்குதே.

—நான் நிறுத்தச் சொல்லல. டாக்டர் சொன்னதையும் விடுங்க. உங்களுக்கு என்ன வேணும்?

—எனக்கா? காது எப்படியும் போவப்போவுது. போற வரைக்கும் அடிக்கணும்.

—கேட்டுக்கிட்டியா மூர்த்தி? கேசட் வேணாம். ஞாயித்துக்கெழம பட்டர்வொர்த் மண்டபத்துல தகரம் மேடை ஏறுது. மூணு பேரும். போஸ்டர்கூட ரெடி, பாரு.

—ஏற ஏலாது, நவமணி.

—ஏன்?

—நான் கேஎல்லிலயே கையெழுத்துப் போட்டிட்டன். தகரம் எண்ட பேர் இனி கம்பனிக்கு. நீ வராட்டி வேற ஒருத்தியைப் பாட வைப்பாங்கள்.

—என்னைய ஒரு வார்த்த கேட்டியா?

—கேட்டா வேண்டாமெண்டுதானே சொல்லியிருப்பாய்.

—ஆமா. வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்... ஜபர் அண்ணே, அந்தப் பெயிண்டு டப்பாவ எடுங்க. போஸ்டர்ல தகரம்ங்கற பேர அழிக்கணும். அப்படியே படத்துல மூர்த்தி நிக்கிற எடத்தையும்.