மூணாம் நாள் கட்டறது யாரு

ஹலோ... ஹலோ, நெட்டை? நான்தான்பா. குட்டையோட அப்பா... ஆமா, பட்டறை நம்பர். என் நம்பர்ல கூப்பிட்டா நீ எடுக்கறதில்ல, அதான்... சரி சரி, வேலையா இருந்திருப்ப. நம்பிட்டேன்.

...என்ன புதுசா சார்? பன்னெண்டு வருஷமா அப்பான்னுதானே கூப்பிட்ட?... ம். அப்படியே கூப்பிடு.

விஷயத்துக்கு வர்றேன். அடுத்த மாசம் பத்தாம் தேதி, நாலு நாள். காட்டுக்குள்ள போக அனுமதிச் சீட்டு வாங்கிட்டேன், ரெண்டு பேருக்கு... உனக்கும் எனக்கும்தான், வேற யாருக்கு?... ஆமா, அதே பாதை. போன வருஷம் நீங்க ரெண்டு பேரும் போனது. பன்னெண்டாம் தேதி வந்தா குட்டை நம்மள விட்டுப் போய் ஒரு வருஷம்... இரு, குறுக்க பேசாத. முழுசா கேளு.

முட்டியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ரெண்டு மாசமா முதுகுப் பையில மரக்கட்டையைப் போட்டுக்கிட்டு தெருவை நாலு சுத்து சுத்தறேன். எதிர் வீட்டு டாக்ஸிக்காரர், வீட்டை விட்டு ஓடப் பழகறீங்களான்னு கேக்கறார்... சிரிக்கறியா? சிரி, சிரி. நீ சிரிச்சுக் கேட்டு எவ்வளவு நாளாச்சு.

...ஆமா ஆமா, ஹேமக்தான், ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டித் தொங்கிட்டேதான் தூங்கணும். கூடாரம் வேண்டாம்... உன்னோடதை ஏன் தூக்கிப் போட்டே?... சரி, விடு. உனக்குப் புதுசு ஒண்ணு வாங்கியாச்சு, உன் நீளத்துக்குத் தேடி வாங்கினேன். அவனோடது எனக்கு. கிழிசலைத் தெச்சு, தொவச்சு வெச்சிருக்கேன். அம்மா கேலி பண்ணுவாளே, ஞாபகம் இருக்கா? இருபத்தாறு வயசாகியும் என் பிள்ளை தூளியை விடலைன்னு... ம்... ம்.

குளிருக்குப் போர்வை அடியில மாட்டணும், தெரியும்பா. முதுகுதான் முதல்ல விறைக்கும்னு அவன் நோட்டுல இருக்கு. எல்லாம் எழுதியிருக்கான். அடுப்பு நீ தூக்கணும், கேஸ் அவன். தார்ப்பாய் அவன், கயிறு நீ. படிக்கறேன், கேளு. முதல் நாள், சமையல் நான், மரம் பாத்துக் கட்டறது நெட்டை. ரெண்டாம் நாள், கட்டறது நான், சமையல் நெட்டை, பிஸ்கட் கையிருப்பு அவசியம்னு போட்டிருக்கான். திமிரைப் பாரேன். மூணாம் நாள்...

ஹலோ? லைன்ல இருக்கியா?

மூணாம் நாள், சமையல் நான். மரம் பாத்துக் கட்டறது நெட்டை.

...இல்ல, மாத்திக்கல. மாத்திக்கிட்டோம்னு சொல்லாத. அவன் போன் திரும்பி வந்துது இல்ல, அதுல கடைசிப் படம். கொதிக்கிற பாத்திரத்தோட அவனே எடுத்துக்கிட்டது. பின்னாடி நீ, அந்த மரத்துல நாடாவைச் சுத்திட்டு இருக்க. ராத்திரி அவன் மேல சாஞ்சுதே, அதே மரம்.

...ஒன்பது மாசமாத் தெரியும்... கோவம் இருந்துது. இன்னும் இருக்கு, இல்லன்னா பொய். ஆனா அந்தப் படத்தை எத்தனை வாட்டி பாத்திருப்பேன்னு நினைக்கற? சுத்தி அத்தனை மரமும் மொட்டை. இலை இருக்கற காலத்துல போயிருந்தா சின்னக் குழந்தை சொல்லும், இது பட்ட மரம்னு. இலை கொட்டிட்டா பட்டதும் ஒண்ணுதான், உயிரோட இருக்கறதும் ஒண்ணுதான். நகத்தால கீறிப் பாக்கணும். உள்ள பச்சை தெரியணும். அதை உனக்கு யாரு சொல்லித் தந்தா? முப்பது வருஷமா மரத்துல பிழைக்கறவன் நான், பெத்த பிள்ளைக்கே சொல்லித் தரலியே. அவனுக்கு நான் காட்டினதெல்லாம் அறுத்த மரம்.

அழாதப்பா... சரி, அழு. இருக்கேன்.

...மரம் சாஞ்சதுக்கு உன்னைக் கேக்கல. அவனே பாத்துக் கட்டினான்னு சொன்னே பாரு, அதுதான். அம்மா தினம் அவனைத் திட்டறா. படத்து முன்னாடி நின்னு, எதுலயும் அவசரம், கண்ணை எங்கடா வெச்சிருந்தேன்னு, காலைல எழுந்ததும் ஆரம்பிச்சிடறா. கோவத்துல அவளுக்கு அழக்கூட வரல. ஒரு வருஷமா ஒரு சொட்டு அழலப்பா. போனவன் மேல அந்தப் பழியாவது இல்லாம இருக்கட்டும்...

நான் சொல்லலாம். வாய் வரைக்கும் வரும், முழுங்கிடுவேன். நான் சொன்னா காட்டிக் குடுத்ததா ஆயிடும். நீ சொல்லணும். அவ உன்னையும்...

கீல் ரெண்டையும் மாத்திடலாம் சார், சனிக்கிழமை கதவு ரெடி. ஆமா சார், ஆமா சார்...

...அம்மாதான் வந்தா. டீ வெச்சுட்டுப் போயிட்டா.

...இப்பவே அம்மாகிட்ட சொல்லிடறியா? ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து... ம். வாசல் வரைக்கும் வந்து திரும்பிடுவே. அதுவும் சரிதான்.

திட்டுவா. காது குடுத்துக் கேக்க முடியாது. அவ நிறுத்தற வரைக்கும் போனை மட்டும் வெச்சிடாத. எனக்காக.

அப்புறம், வரிசையை மாத்த வேண்டாம். மூணாம் நாள் சமையல் நான். நீ மரம் பாரு. நிதானமாப் பாரு, கீறிப் பாரு. அவன் ஹேமக்கை நீயே கட்டு... யாரா? நான்தான் அதுல படுக்கப் போறேன்.

...ஆமா. நான்தான்.

மூச்சு விட்டுக்கோ. கூப்பிடறேன்.

இங்க கொஞ்சம் வாயேன்... ஆமா, போன்தான். சாரும் இல்ல கீரும் இல்ல, நம்ம நெட்டை... நிஜமாத்தான். உன்கிட்ட பேசணுமாம். கையைத் துடைச்சுட்டு வா. இப்படி ஸ்டூல்ல உக்காரு. உக்காந்து கேளு.

இந்தா.