பின்னால் நின்று எண்ணுகிறவன்

செப்டம்பர் 2022, ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை ஆறே முக்கால். வேப்பம்பட்டு ரயில் நிலையத்துக்கு வடக்கே ஓர் ஏரி. கரைமேல் மண்பாதை. ஆள் நடமாட்டம் இல்லை.

இதைச் சொன்னவள் தீபிகா. போன மழையில் கரண்ட் போய், திருவேற்காட்டில் அவள் ஃபிளாட்டில் நண்பர்கள் ஐந்தாறு பேர் ஒரு மெழுகுவத்தியைச் சுற்றி நெருக்கி உட்கார்ந்திருந்தோம். நடந்தது அவளுடைய அத்தை மகன் திருமுருகனுக்கு.

"லிப்ட்டும் ஓடல. பேயி நாலு மாடி ஏறி வந்தா மூச்சு வாங்கிகினு நிக்கும், பாவம்" என்றான் கஜபதி.

"வாய மூடிட்டு கேளுடா" என்றாள் தீபிகா.

திருமுருகன் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். ஐ.டி. வேலை. மின்னலைப் படம் பிடிப்பதில் பைத்தியம். ஆகஸ்ட், செப்டம்பரில் திருத்தணிப் பக்கம் திரளும் மேகம் மாலையில் கிழக்கே நகர்ந்து வரும். ரேடார் படத்தில் சிவப்பு தெரிந்ததும் யூசுப்புக்குப் போன் போடுவான். யூசுப்புக்குப் பூந்தமல்லியில் மெக்கானிக் பட்டறை. வேன் அவனுடையது.

இதில் இரண்டு பேர் வேண்டும். ஒருவன் படம் எடுப்பான். இன்னொருவன் பின்னால் நின்று எண்ணுவான். மின்னல் வெட்டியதும் நொடிக்கு ஒன்றாக, ஒன்று, இரண்டு என்று இடி கேட்கும் வரை. மின்னல் ஓயாமல் வெட்டும்போது எந்த இடி எந்த மின்னலுக்கு உரியது என்று கேமராவில் கண் வைத்திருப்பவனுக்குப் பிடிபடாது. முப்பதுக்குள் இடி வந்தால் ஒதுங்கிவிட வேண்டும் என்பார்கள். முப்பதில் படம் தேறாது என்று இவர்கள் பதினைந்தாக வைத்துக்கொண்டார்கள். அதற்குக் கீழே இறங்கினால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வேனுக்குள் ஓட வேண்டும். எண்ணுகிறவன் சொல்தான் கடைசி. கேமராக்காரன் திரும்பிப் பார்க்க மாட்டான்.

அன்று ட்ரைபாடை நிறுத்தும்போது யூசுப் கிண்டல் செய்துகொண்டிருந்தான்.

"இன்னா மாமே, இன்னிக்காவது ஒண்ணு தேறுமா? போன வாட்டி எடுத்தத காட்னா, டியூப் லைட்டு புகையுதான்னு கேக்குறா என் பொண்டாட்டி."

"நீ ஒழுங்கா எண்ணு மச்சான். அவங்களுக்கு பிரேம் போட்டே தரேன்."

மேற்கே வானம் கரி பிடித்த அண்டாவின் அடிபோல் இருந்தது. காற்று நின்றது. தவளைகள் அடங்கின. ஈர மண் வாசனை... மழை இன்னும் வரவில்லை.

"இருபத்தி ரெண்டு" என்றான் யூசுப். அடுத்தது, "பத்தொம்பது."

பிறகு, "ரெயின் கவரு வண்டிலயே கீது மாமே, எடுத்தாந்துர்றேன்" என்றான். திருமுருகன் "ம்" என்றான். செருப்புச் சத்தம் சரிவில் இறங்கிப் போனது.

கொஞ்ச நேரம் கழித்து... கரை முழுக்க வெள்ளையாகிவிட்டது. அதோடு சேர்ந்தே கன்னத்தில் அறைந்ததுபோல் சத்தம். காதுக்குள் ரீங்காரம். வெல்டிங் பட்டறை வாசனை. பின்னாலேயே, முடி பொசுங்கும் வாசனை.

"மச்சான்! எவ்ளோ?"

"பதினெட்டு."

யூசுப்பின் குரல். முதுகுக்குப் பின்னால். நிதானமாக.

பதினெட்டு என்றால் ஆறு கிலோமீட்டர் தள்ளி. கேட்டது முந்தைய மின்னலின் இடி என்று திருமுருகன் நினைத்துக்கொண்டான். தன் காதைவிட அந்த எண்ணை நம்பினான்.

"திரும்பிப் பாக்கவே இல்லையா?" என்றாள் சௌம்யா.

"இல்லடி. அவங்க பழக்கம் அப்படி."

அடுத்த மின்னல். ஒண்ணு... ரெண்டு... மூணு... பதினெட்டில் நின்றது. அதற்கடுத்ததும் பதினெட்டு. யூசுப் எண்ணினால் நடுவில் மூக்கை உறிஞ்சுவான், கொசுவைத் திட்டுவான். இந்தக் குரல் மூச்சே விடவில்லை. திருமுருகனுக்கு அது உறைக்கவில்லை. ஏரித் தண்ணீரில் வேர் வேராக மின்னல் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் வாழ்நாளில் எடுத்த நல்ல படங்கள் அந்தக் கால்மணி நேரத்தில் எடுத்தவைதான்.

லென்ஸில் முதல் துளி விழுந்தது.

"போதும் மச்சான், கவர குடு." திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினான்.

"பன்னண்டு... பதிமூணு..."

"டேய், கவர குடுடா."

"பதினாலு... பதினஞ்சு..."

திரும்பினான். யாரும் இல்லை. கரை நெடுகிலும் யாரும் இல்லை. "பதினாறு..." அவன் முகத்துக்கு நேரே, ஒரு சாண் தள்ளி. "பதினேழு..."

அதோடு நின்றுவிட்டது.

டார்ச்சைக் கீழே அடித்தான். காலடியில் யூசுப் குப்புறக் கிடந்தான். முதுகில் சட்டை கிழிந்து கருகியிருந்தது. ஒரு கை திருமுருகனின் குதிகாலைப் பார்த்து நீண்டிருந்தது. தொட்டபோது உடம்பில் இன்னும் சூடு.

அவனே தூக்கி வேனில் போட்டு ஓட்டிக்கொண்டு போனான். ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், மின்னல் தாக்கியதும் உயிர் போகவில்லை என்றார். கொஞ்ச நேரம் இருந்திருக்கிறது. உடனே யாராவது பார்த்திருந்தால் முயன்றிருக்கலாம். கூட யாரும் இல்லையா என்று கேட்டார்.

தீபிகா சொல்வதை நிறுத்தினாள். மெழுகு உருகி மேசையில் வழிந்துகொண்டிருந்தது. யாரும் துடைக்கவில்லை.

"கூப்டிருப்பானே... கத்திருப்பானே. இவனுக்குக் காதுல வுழலயா?" என்றான் கஜபதி. குரலில் கிண்டல் இல்லை.

"எண்ணுறது மட்டுந்தான் கேட்டுச்சாம்."

யூசுப்பின் இரண்டு முழங்காலும் தோல் உரிந்திருந்தன. பத்து நகங்களிலும் கரை மண் அடைத்திருந்தது. வேன் நின்ற இடத்திலிருந்து சரிவு முழுவதும் அவன் தவழ்ந்தே ஏறியிருக்கிறான். மறுநாள் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு பூந்தமல்லியில் அடக்கம் செய்தார்கள்.