பூச்சி கடித்த இலையை மேலே வைக்கச் சொன்னவர்

மேடையில் இருக்கும் துறைப் பெரியவர்களே, காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸ் குடும்பங்களே, என்னோடு கூடை சுமக்கும் அக்கா தங்கைகளே, முன்வரிசையில் கலங்கி உட்கார்ந்திருக்கும் அலமு அம்மா, எல்லோருக்கும் ஆரோக்கியமேரியின் வணக்கம். எனக்குக் கீரையைக் கூவி விற்கத்தான் தெரியும். அந்தக் குரலிலேயே பேசிவிடுகிறேன்.

அலமு அம்மாவின் வீட்டுக்காரர், நம் தோட்டக்கலை அதிகாரி வெங்கடராமன் ஐயா காலமாகிப் பதினோரு நாள் ஆகிறது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் எங்கே விற்றோம்? குவார்ட்டர்ஸ் கேட்டுக்கு வெளியே, வெயிலில். வாட்ச்மேன் தடியைத் தட்டினால் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். ஒருநாள் அரசாங்க ஜீப் வந்தது. அதைப் பார்த்தும் ஓடினோம். "ஓடாதேங்கோம்மா! நான் பிடிக்க வரலை, குடுக்க வந்திருக்கேன்" என்று பின்னாலேயே ஓடி வந்தார் ஐயா. விதை கொடுத்தார். எருக்குழி வெட்டக் கற்றுக்கொடுத்தார். புதன்கிழமைதோறும் குவார்ட்டர்ஸுக்குள்ளேயே மரத்தடியில் உட்கார்ந்து விற்க அனுமதியும் வாங்கித் தந்தார்.

அவர் வைத்த சட்டம் ஒன்றுதான். பூச்சிமருந்து அடிக்காத காய்தான் வரவேண்டும். அதற்கு அடையாளமாக, பூச்சி கடித்த இலையைக் கட்டின் மேலே வைக்கவேண்டும். எந்தச் சந்தையில் உண்டு இது? ஓட்டையை உள்ளே மறைத்துத்தானே நாங்கள் பிழைத்தோம்!

மரத்தடியில் விற்கிற எங்களுக்குக் கொட்டகை தரலாமா என்று பார்க்கச் செயலகத்திலிருந்து பெரிய அதிகாரி வந்தார், நினைவிருக்கிறதா? அந்த வாரம் நடந்ததை நானே சொல்வது இதுதான் முதல் தடவை. ஓட்டைக் கீரையோடு அவர்முன் உட்கார எனக்கு வெட்கமாக இருந்தது. யாருக்கும் தெரியாமல் மருந்து அடித்துவிட்டேன்.

பக்கத்தில் கத்தரிக்காய் வைத்திருந்த அப்துல் ரஹீம் பாய்தான் முதலில் பார்த்தார். "என்ன மேரியக்கா, உங்க கீரைய பூச்சியே நக்கோ, வேணாம்னு சொல்லிடுச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஐயா சிரிக்கவில்லை. கட்டைப் பிரித்து இலை இலையாய்த் திருப்பினார்.

"மேரியம்மா, அடிச்சேளா?"

"ஆமாங்கய்யா."

"கீரையை மூட்டை கட்டுங்கோ. இடத்தை விட்டு மட்டும் எழுந்திருக்காதேங்கோ."

காலிச் சாக்கின்முன் உட்கார்ந்திருந்தேன். பெரிய அதிகாரி வந்தார். "இந்த அம்மாவிடம் ஏன் ஒன்றும் இல்லை?" என்று கேட்டார். விற்றுத் தீர்ந்தது என்று ஐயா சொல்லியிருக்கலாமே! ஒரு வார்த்தை போதுமே! சொன்னாரா?

"மருந்து அடிச்சுட்டாங்க சார். அடுத்த விளைச்சல்லதான் அவங்களுக்கு வியாபாரம்."

என்னால் எல்லோருக்கும் கொட்டகை போச்சு என்று நினைத்தேன். பெரிய அதிகாரி அந்தக் காலிச் சாக்கைத் தாண்டிப் பக்கத்துக் கூடைகளைப் பார்த்தார். "அப்படியானால் மற்ற கூடைகளை நம்பலாம்" என்றார். மூன்றே மாதத்தில் கூரை வந்தது, சிமெண்டுத் திண்டு வந்தது, தண்ணீர்க் குழாய் வந்தது. இன்று முப்பத்திரண்டு குடும்பங்கள் அங்கே ஓடாமல் உட்கார்ந்து விற்கின்றன. அதை வாங்கித் தந்தவர் எங்கள் ஐயா! எங்களுக்காகக்கூடப் பொய் சொல்லாத ஐயா!

இனிமேல் யார் சோதிப்பார், கண்டவர்களும் மருந்துக் காயோடு வந்துவிடுவார்களே என்று குவார்ட்டர்ஸில் பேசிக்கொள்கிறீர்களாம். நியாயமான பயம்தான். நான் சோதிக்கிறேன். மருந்தடித்த கீரையோடு வருகிறவள் எப்படித் தலையைக் குனிவாள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

அலமு அம்மா, புதன்கிழமை காலையில் நீங்கள் கொட்டகைக்கு வரவேண்டும். முதலில் என் கூடையைப் பிரித்துப் பாருங்கள். அதற்கப்புறம்தான் மற்றவர்கள் கூடையில் நான் கை வைப்பேன்.