அடிபடாத உடம்பு

“எனக்கு எங்கயுமே அடிபடலீங்க்கா. ஆனா என்ற ரத்தம் அடிபட்டுருச்சுன்னு சொல்லுதாம்.”

சூலூரிலிருந்து காந்திபுரம் போகும் பேருந்தில், முன்சீட்டிலிருந்து இது காதில் விழுந்ததும் இயர்போனைக் கழற்றிவிட்டேன். பேசியவள் இளம்பெண். வரும் ஞாயிற்றுக்கிழமை வள்ளிக்கும்மி அரங்கேற்றமாம்; அதற்கான பயிற்சியில் காய்ச்சல் வந்து ரத்தப் பரிசோதனை செய்திருக்கிறாள். பக்கத்தில் இருந்தவர் அவளோடு ஆடும் அக்கா.

“காய்ச்சலுக்குக் கிருமிதான் காரணமா அம்மணி?”

“கிருமியே இல்லீங்களாம். ஓய்வில்லாம வெறி புடிச்சாப்புல ஆடுனதுல சதை நொந்து, உள்ளுக்குள்ள ஆள் கூப்புடுதாம். ரத்தத்துல இருக்கற காவக்காரங்க ஓடியாந்து எதிரியத் தேடறாங்களாம். ஆளில்லாத ஊட்டுல டார்ச் அடிச்சுத் தேடற மாதிரின்னு டாக்டர் சொன்னாருங்க.”

“அப்ப ஆடவே கூடாதா?”

“அளவா ஆடிருந்தா இதே ஆட்டம் அந்தக் காவக்காரங்கள அமைதியா வெச்சிருக்குமாம். நாந்தான் எழுப்பி உட்டுபோட்டேன்.”

“காய்ச்சலோட மேடையேறாத கண்ணு. அடுத்த அரங்கேற்றத்துல ஆடிக்கலாம்.”



“செரிங்க்கா. வாத்தியாருகிட்டயும் சொல்லிபோட்டேன். காலையிலிருந்தே ஆட்டத்த நிறுத்திட்டனுங்க.”

அக்கா குனிந்து கீழே பார்த்தார். குரல் இறங்கியது.

“நிறுத்திட்டேங்கற. அப்பறம் இது என்ன?”

“எதுங்க்கா?”

சீட்டுக்கு அடியில் அவளுடைய இரண்டு கால்களும் தாளம் தப்பாமல் கும்மி அடவை மிதித்துக்கொண்டிருந்தன. அவளும் குனிந்து, வேறு யாருடைய கால்களையோ பார்ப்பதுபோல் பார்த்தாள். முழங்கால்களை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்தாள்.

கால்கள் நிற்கவில்லை.