ஒரு பொட்டலத்தில் ஒரு உப்பு

மளிகைக் கடைக்காரரைவிட நான் வேகமாகப் பொட்டலம் மடிப்பேன். வேதியியல் செய்முறைத் தேர்வுக்கு இருபது ஆண்டுகளாக உப்பு மடித்த கை இது. பொட்டலத்துக்கு ஒரு உப்பு. அது எதுவென்று மாணவர்கள் சோதித்துச் சொல்ல வேண்டும். விசாரிக்க வந்த உங்களுக்கு இது தெரிந்தால் போதும்.

அறிவியல் கல்லூரிக்கு எங்கள் பள்ளி ஒருவரைத்தான் பரிந்துரைக்கும். போட்டியில் இருந்தவர்கள் என் மகளும் அவளுடைய தோழியும். தோழிக்கு வகுப்பில் ‘மோப்பம்’ என்று பட்டப்பெயர். சோதனைக் குழாய் சூடாவதற்குள் உப்பைச் சொல்லிவிடுவாள். என் மகள் அவள் தோளைக் கட்டிக்கொண்டு சிரிப்பாள். தோற்றுப்போனால் மகளால் அப்படிச் சிரிக்க முடியாதே என்றுதான் எனக்குப் பயம்.

தேர்வன்று தோழியின் பொட்டலத்தில் இரண்டு உப்புகளைக் கலந்து வைத்தேன். இரண்டும் வெள்ளை.

“சார், சுடர் பச்சையா வருது. அம்மோனியா வாசமும் வருது. இதுல ரெண்டு உப்பு இருக்கு சார்.”

“ஒண்ணுதாம்மா. உனக்கு ஜலதோஷமா?”

“மோப்பத்துக்கே மூக்கடைப்பாடா!” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்த, ஆய்வகமே சிரித்தது. அவள் குழாயைத் தாங்கியில் வைத்தாள். இரண்டு பெயர்களையும் எழுதினாள். விதிப்படி பூஜ்யம் போட்டேன்.

தலைமையாசிரியை மறுதேர்வு வைக்கச் சொன்னார். அதற்கும் நானே மடித்தேன். மறுபடியும் கலந்தேன். இந்த முறை அவள் குழாயைத் திரும்பத் திரும்ப முகர்ந்து பார்த்தாள். இரண்டு பெயர்களை எழுதினாள், அழித்தாள், வாய்க்கு வந்த ஒரு பெயரை எழுதிவிட்டுப் போனாள். அதற்கும் பூஜ்யம்.

அவள் அம்மா தையல் வேலை செய்பவர். என்னைப் பார்க்க வந்தார்.

“அடுப்புல கேஸ் கசிஞ்சுது சார். பக்கத்துலயே நிக்குறா, மூடல. ‘அம்மா, எனக்கு வர்ற வாசம் நிஜமா?’ன்னு கேக்குறா. நான்தான் ஓடிப்போய் மூடினேன்.”

உட்காரச் சொல்லி, நல்ல டாக்டர் ஒருவரின் முகவரியை எழுதிக் கொடுத்தேன்.

பரிந்துரை என் மகளுக்குக் கிடைத்தது. அன்று மாலை அவள் கேட்டாள். “அப்பா, அவ பொட்டலத்துல என்ன கலந்தீங்க?”

“எல்லாம் உனக்காகத்தானேடா.”

அதிலிருந்து நான் ஆற்றித் தரும் பாலை அவள் குடிப்பதில்லை. முகர்ந்து பார்த்துவிட்டுத் தொட்டியில் ஊற்றுகிறாள். டம்ளரை மூன்று முறை கழுவிக் குழாய்த் தண்ணீர் பிடித்துக் குடிக்கிறாள். ராத்திரி அறையை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள். ஆய்வகத்துக்கு வேண்டிய எச்சரிக்கை இப்போதே வந்துவிட்டது. கல்லூரியில் நன்றாக வருவாள்.