ஐஸ் குளிராத கால்

"ஐஸு மேல வெறுங்கால்ல நிப்பேன், குளிரவே குளிராது. இரும்புக் காலும்மா இது!"

திருவொற்றியூர் பேருந்து நிறுத்தத்தில், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் ஒருவர், சர்க்கரை நோயைப் பற்றித் தெருத்தெருவாகச் சொல்லித்தரும் பெண்ணிடம் பெருமையடித்தார்.

"கண்ண மூடு நைனா. எந்த வெரல தொடுறேன்னு சொல்லு."

பிள்ளைகளே, கேளுங்கள், அந்தம்மா குனிந்து சேலை நுனியால் ஒவ்வொரு விரலாகத் தொட்டார்.

"இன்னாமா, எப்ப தொடுவ?"

"தொட்டு முடிச்சிட்டேன்."

அவர் கண்ணைத் திறந்தார்.

"காலு மரத்துப் போயிருக்கு நைனா. ஆணி குத்துனாலும் உனக்குத் தெரியாது. புண்ணு முத்துனா காலயே எடுக்கணும். நாளைக்கே சுகர் பாத்துடு."

"கெத்துன்னுல்ல நெனச்சிகினு இருந்தேன்..."

அவருடைய பேருந்து வந்தது. அவர் ஏறவில்லை. அந்தக் காலை மடியில் தூக்கி வைத்து, முதன்முதலாகப் பார்ப்பவர்போல ஒவ்வொரு விரலாகத் தடவிக்கொண்டிருந்தார்.